மெய்யியல் சோறு போடுமா? கல்லடி டீச்சரின் பதில்கள்

உயர்தர வகுப்புக்கு அளவையியலும் (தர்க்கம்) விஞ்ஞானமுறையும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இந்தக் காலத்தில் மெய்யியலுக்கு என்ன வேலை என்று கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களில் இருந்தும் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும் இருக்கிறது. கடந்தகால வினாத்தாளுக்கு விடை கேட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம். அது ரியூஷன் மாஸ்டர்மாரின் தொழில், அதில் நான் கை வைப்பதில்லை.

களுவாஞ்சிக்குடி, உயர்தர மாணவி: டீச்சர், நான் அளவையியல் எடுத்திரிக்கன். கெம்பஸ்லயும் மெய்யியல்தான் செய்ய விருப்பம். அம்மா "அது சோறு போடுமா" எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?

அம்மா கேட்டது நியாயமான கேள்வி மகள். "மெய்யியலாளர் தேவை" என்று எந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் வராது. படித்து முடித்தால் ஆசிரியர், அரச உத்தியோகம் என்று மற்றக் கலைப் பட்டதாரிகள் நிற்கிற அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அதை உன்னிடம் மறைத்துப் பிரயோசனம் இல்லை.

அளவையியல் உலகத்துக்கு ஒன்றும் தரவில்லையா என்று யாராவது கேட்டால் ஜோர்ஜ் பூல் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரைச் சொல்லு. 1854இல் அவர் சிந்தனையின் விதிகளை அட்சரகணிதமாக எழுதினார். எண்பது வருடத்துக்கு மேல் அதற்கு ஒரு தொழிற்சாலையிலும் வேலை இருக்கவில்லை. 1937இல் குளோட் ஷனன் என்ற மாணவர் தன் முதுமாணி ஆய்வில், அதே அட்சரகணிதத்தால் மின்சுற்றுகளை வடிவமைக்கலாம் என்று காட்டினார். உன் கையில் இருக்கிற போனுக்குள் ஓடுவது அதுதான். ஆனால் இந்தக் கதையைச் சொல்லி அம்மாவை மடக்கப் பார்க்காதே. பூலுக்கு அது எண்பது வருடம் கழித்துத்தான் சோறு போட்டது, அவர் அப்போது உயிரோடு இல்லை. மெய்யியலை விருப்பத்தோடு படி. கூடவே ஆங்கிலத்தையும், சட்டமோ கணினியோ ஏதாவது ஒன்றையும் பிடித்துக்கொள்.

ஏறாவூர்: விடிஞ்சா வாட்ஸ்அப்ல "இன்றைய தத்துவம்" எண்டு நாலு பேர் அனுப்புறாங்க. அதுவும் மெய்யியல்தானே?

இல்லை தம்பி. சூரியன் உதிக்கிற படத்தில் எழுதிய வாக்கியத்திடம் "ஏன்?" என்று கேட்க முடியாது, கேட்டால் அனுப்பியவர் கோபிப்பார். "சோக்கிரட்டீஸ் சொன்னார்" என்று வருகிறவற்றை இன்னும் கவனமாகப் பாருங்கள். அந்த மனிதர் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கி.மு. 399இல் அவருக்கு நஞ்சு கொடுத்தார்கள். ஊர்த் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. உண்மையான எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதை அவரே நீதிமன்றத்தில் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார்: அறிவாளி என்று பேர் எடுத்த பெரிய மனிதர்களிடம் போய், உங்களுக்கு இது எப்படித் தெரியும் என்று விடாமல் விசாரித்தார், பார்த்துக்கொண்டிருந்த பொடியன்மாரும் அதையே செய்யத் தொடங்கினார்கள்.

ஓட்டமாவடி: கொரோனா நேரம் நம்மட ஜனாஸாக்களை எரிச்சாங்க. என்ன கேட்டாலும் "விஞ்ஞானிகள் சொல்றாங்க" எண்ட ஒரே பதில்தான். விஞ்ஞானம் இரிக்கக்குள்ள மெய்யியலுக்கு என்ன வேலை?

இதைவிடச் சரியான உதாரணத்தை நான் வகுப்பில் ஒரு நாளும் காட்டியதில்லை.

2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தது, கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று. புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இங்கே சொன்ன காரணம் நிலத்தடி நீர். முஸ்லிம் குடும்பங்களோடு சில கிறிஸ்தவக் குடும்பங்களும் அந்த வேதனையைப் பட்டன.

"விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்" என்ற அந்த ஒரு வசனத்துக்குள் இரண்டு கேள்விகளை ஒளித்து வைத்திருந்தார்கள். பிரேதத்தில் இருந்து வைரஸ் நீருக்குப் போய் நோயைப் பரப்புமா என்பது முதலாவது. அது ஆய்வுகூடத்தின் கேள்வி. அப்படி ஒரு சிறிய சந்தேகம் இருந்தாலும், ஒரு குடும்பம் தன் பிள்ளைக்குச் செய்கிற கடைசிக் கடமையைத் தடுக்க அது போதுமா என்பது இரண்டாவது. அதற்கு எந்த ஆய்வுகூடத்திலும் கருவி இல்லை. "இப்படி இருக்கிறது" என்பதில் இருந்து "இப்படிச் செய்ய வேண்டும்" என்பதற்கு நேராகத் தாவ முடியாது என்று டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். தாவுகிறவர் நடுவில் தன் சொந்த மதிப்பீடு ஒன்றைப் போட்டுத்தான் தாவுகிறார். அதை வெளியே எடுத்து மேசையில் வைக்கச் சொல்வதுதான் எங்கள் வேலை.

முதலாவது கேள்வியில்கூட, விஞ்ஞானமுறையைப் பற்றி எழுதிய மெய்யியலாளர் கார்ல் பொப்பர் விட மாட்டார். எந்தச் சான்று வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்று கேட்பார். "எதுவும் இல்லை" என்பது பதிலானால், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னாலும் அது விஞ்ஞானம் இல்லை. 2021 பெப்ரவரியில் அரசாங்கம் முடிவை மாற்றியது. மார்ச்சில் உங்கள் ஊர்ப் பக்கத்தில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நிலத்தடி நீர் அதே நீர்தான்.

வாழைச்சேனை: மெய்யியல் படிச்சவங்க நல்ல மனிசரா இருப்பாங்களா?

அப்படி ஒரு உத்தரவாதமும் இல்லை. கடந்த நூற்றாண்டின் பெரிய மெய்யியலாளர்களில் ஒருவரான மார்ட்டின் ஹைடெக்கர் 1933இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். அரிஸ்டோட்டில் அடிமை முறையை நியாயப்படுத்தி எழுதினார்.

நாவிதன்வெளி, விவசாயி: கல்லோயா இடதுகரை வாய்க்கால்ட கடைசியில என்ட வயல். மேல உள்ளவன் எடுத்து மிஞ்சினாத்தான் நமக்குத் தண்ணி. மெய்யியல் படிச்சா தண்ணி வருமா டீச்சர்?

வராது அண்ணன். ஆனால் உங்கள் வாய்க்காலைப் பற்றிப் பேச எனக்கு நிறைய இருக்கிறது.

ஜோன் ரோல்ஸ் என்ற அமெரிக்கர் 1971இல் நீதியைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். சுருக்கம் இதுதான்: ஒரு சமூகத்துக்கு விதி எழுத உட்காருகிறவருக்கு, அந்தச் சமூகத்தில் தான் எங்கே இருக்கப்போகிறோம் என்று தெரியக்கூடாது. பணக்காரனா ஏழையா, ஆணா பெண்ணா, எந்தச் சாதி எந்தச் சமயம் என்று ஒன்றும் தெரியாமல் எழுதினால்தான் அந்த விதி நியாயமாக வரும். உங்கள் பாஷையில் சொன்னால், என் காணி வாய்க்கால் தலைப்பிலா கடைசியிலா என்று தெரியாமல் தண்ணீர் முறையை எழுத வேண்டும்.

அதற்குப் பத்து வருடம் கழித்து உங்கள் இடதுகரையில் நடந்ததை உலகம் முழுக்க நீர் முகாமைத்துவம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தலைப்பில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றங்கள், கடைக்கோடியில் தமிழர் வயல்கள். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் ஒழுங்கமைப்பாளர்களை அனுப்பி, விவசாயிகளோடு தங்க வைத்தன. வயல் வாய்க்கால் ஒவ்வொன்றுக்கும் சிறு குழுக்கள் உருவாகின. வருடக்கணக்காகத் துப்புரவு செய்யாத வாய்க்கால்களைச் சிரமதானம் போட்டு வெட்டினார்கள். தலைப்பில் இருந்தவர்கள் தாங்களாகவே கதவைப் பூட்டிக் கீழே தண்ணீர் விட்ட இடங்களும் இருந்தன. நாட்டில் இனக்கலவரம் வெடித்த அதே காலத்தில் இது நடந்தது.

அவர்களில் ஒருவரும் ரோல்ஸைப் படித்திருக்க மாட்டார்கள். அவர் கேட்ட அறியாமையும் அவர்களுக்கு இல்லை. யாருடைய காணி எங்கே என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே பகிர்ந்தார்கள். இதை ரோல்ஸின் கொள்கை முழுதாக விளக்காது என்பது என் எண்ணம். முகம் பார்த்துப் பேசிய பிறகு ஒருவன் வயல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம், அவ்வளவுதான். அப்படியானால் ரோல்ஸ் எதற்கு? "மேலே இருக்கிறது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம், நான் ஏன் விட வேண்டும்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் உதவுவார். வாய்க்காலின் எந்த முனையில் காணி விழுந்தது என்பது ஒருவரின் உழைப்பும் இல்லை, தகுதியும் இல்லை.

அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள்: அடுத்த போகத்துக்கு எல்லாக் காணிகளையும் சீட்டுப் போட்டுப் பிரிப்போம் என்றால், இதே தண்ணீர் முறைக்கு நீங்கள் சம்மதிப்பீர்களா? என்ன பதில் வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.

சம்மாந்துறை: மெய்யியல் படிச்சா ஈமான் போயிரும் எண்டு எங்கட வீட்ட சொல்றாங்க. இந்துப் பிள்ளைகள்ட வீட்லயும் இப்பிடிச் சொல்வாங்களா?

அங்கேயும் சொல்வார்கள் தம்பி, கவலைப்படாதீர்கள்.

மெய்யியலாளர்களைக் கடுமையாகத் தாக்கியவர் இமாம் கஸ்ஸாலி. 1095இல் எழுதிய "தஹாபுதுல் பலாஸிபா"வில் (மெய்யியலாளர்களின் முரண்பாடு) இருபது விடயங்களில் அவர்களை மறுத்தார், அவற்றில் மூன்று இறைமறுப்பு என்றே சொன்னார். உங்கள் வீட்டில் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் மறுப்பதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். மெய்யியலாளர்களின் கொள்கைகளை விளக்கி முதலில் தனியாக ஒரு நூல் எழுதினார். அளவையியலை அவர் ஒதுக்கவே இல்லை. அது தெரியாதவனின் அறிவை நம்ப முடியாது என்றவர் அவர். பிறகு இப்னு ருஷ்த் என்ற முஸ்லிம் மெய்யியலாளர் அவருக்கு வரிக்கு வரி மறுப்பு எழுதினார்.

சைவத்திலும் இதே முறைதான். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பாகமே உண்டு. கண்ணுக்குத் தெரிகிற உலகம் மட்டுமே உண்மை என்கிற லோகாயதன் தொடங்கி எதிர்க் கொள்கைக்காரர் ஒவ்வொருவரும் சொல்வதை முதலில் ஒழுங்காகச் சொல்லி, அதற்குப் பிறகே மறுக்கிறார். இப்போது பேஸ்புக்கில் சமயச் சண்டை பிடிக்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேரால் எதிராளியின் வாதத்தை, அவரே "ஓம், நான் சொன்னது இதுதான்" என்று தலையாட்டுகிற மாதிரிச் சொல்ல முடியும்? உங்கள் ஈமானுக்கு நான் பொறுப்பு எடுக்க முடியாது. இமாம் கஸ்ஸாலி படித்ததை நீங்களும் படிப்பதில் குற்றம் இல்லை என்று மட்டும் வீட்டில் சொல்லலாம்.

அக்கரைப்பற்று: நீங்க சொல்ற பேர் எல்லாம் ஆம்பிளைகள்தானே டீச்சர்?

குட்டு வாங்கிக்கொண்டேன் புள்ள. காப்பியத்து மணிமேகலை வஞ்சியில் சமயக்கணக்கர்களிடம், அதாவது பல சமய ஆசிரியர்களிடம், கொள்கை கேட்கப் போகும்போது ஆண் தவசி வேடம் போட வேண்டியிருந்தது. சமணக் காப்பியத்து நீலகேசி வேடம் போடாமலே போய், பிற சமயத் தலைவர்களை வாதில் மடக்கினாள். அடுத்த பதில் ஒரு பெண்ணைப் பற்றியது.

ஆரையம்பதி, அரச உத்தியோகத்தர்: ஒரு அரசாங்கம் எப்பவாவது மெய்யியல் படிச்ச ஆளைக் கூப்பிட்டுச் சட்டம் செய்யக் கேட்டிருக்கா?

கேட்டிருக்கிறது. 1978இல் பிரித்தானியாவில் முதல் பரிசோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. கருவை ஆய்வுகூடத்தில் வைத்திருக்கலாமா, எத்தனை நாள், யார் அனுமதிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. 1982இல் ஒரு குழு அமைத்துத் தலைமையை மேரி வார்னொக் என்ற மெய்யியலாளரிடம் கொடுத்தார்கள். "உயிர் எப்போது தொடங்குகிறது" என்ற கேள்வியில் குழு மாட்டிக்கொள்ளாமல், "கருவை நாம் எப்படி நடத்துவது சரி" என்ற கேள்விக்கு நேராகப் போனது அவருடைய கெட்டித்தனம். 1984 அறிக்கை ஆராய்ச்சிக்கு 14 நாள் எல்லை போட்டது, 1990இல் அது சட்டமாகியது, வேறு பல நாடுகளும் அதைப் பின்பற்றின. ஏன் 13 இல்லை, 15 இல்லை என்று கேட்டார்கள். ஏறக்குறைய அந்த நாட்களில் கருவில் ஒரு முக்கிய மாற்றம் தெரியும் என்பது ஒரு காரணம். எங்கேயோ ஒரு கோடு போட்டே ஆக வேண்டும், அது எல்லோராலும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மற்றது. செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்ட மூன்று பேருக்கும் இதையே சொல்கிறேன். அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட கோடு இன்னும் இல்லை, போடுகிற மேசையில் கம்பனிக்காரர் மட்டும் இருக்கக்கூடாது.

நாவலடி: 2004ல என்ட மூத்த மகளைக் கடல் கொண்டு போயிட்டு. கோயில்ல விதி எண்டாங்க. சேர்ச்ல இருந்து வந்தவங்க சோதனை எண்டாங்க. மெய்யியல் என்ன சொல்லுது?

அண்ணன், உங்கள் கேள்வியில் பாதிக்கு மெய்யியல் வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை. மற்றப் பாதிக்குச் சொல்கிறேன்.

1755 நவம்பர் 1ஆம் திகதி, கிறிஸ்தவர்களின் புனிதர் திருநாள். போர்த்துக்கலின் லிஸ்பன் நகரத்தில் சனம் தேவாலயங்களில் இருந்த நேரம் பூமி அதிர்ந்தது. கடல் வந்தது. பிறகு நெருப்பு. எல்லாம் நன்மைக்கே என்று போதித்த அறிஞர்களிடம், செத்த குழந்தைகள் என்ன பாவம் செய்தன என்று வோல்டேர் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு கவிதையில் கேட்டார். அடுத்த வருடம் ரூசோ என்ற மெய்யியலாளர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆறேழு மாடி வீடுகளை இருபதாயிரம் கணக்கில் அந்த இடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்றார்.

பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்கிற பேச்சு அது இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பிறகு அழிவைப் பற்றிக் கடவுளிடம் மட்டும் இல்லாமல் நகரசபையிடமும் கேட்கலாம் என்று ஆனது. சுமாத்திராவில் பூமி அதிர்ந்ததற்கும் நம் கரையில் கடல் ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. பசிபிக் நாடுகளுக்கு 1949இல் இருந்தே எச்சரிக்கை நிலையம் உண்டு, இந்து சமுத்திரத்துக்கு ஒன்றும் இருக்கவில்லை. கடல் எழுந்தது ஒருவருடைய குற்றமும் இல்லை. அந்த நேரம் வீணாகப் போனதை விதி என்று சொல்ல நான் தயார் இல்லை. பிறகு கரையில் இருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வீடு கட்டக்கூடாது என்றார்கள். ஒரே கடலுக்கு ஏன் இரண்டு அளவு, தோணியைக் கரையில் விட்டுவிட்டு மீன்பிடிகாரன் எங்கே போய்ப் படுப்பான் என்று நீங்களெல்லாம் கேட்டீர்கள். அந்த எல்லையைப் பிறகு தளர்த்தத்தான் வேண்டியிருந்தது.

மகளைப் பற்றி நீங்கள் எழுதிய மற்றதை நான் இங்கே போடவில்லை. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

காரைதீவு: நாங்க அஞ்சாறு பேர் வாசிகசாலையில கூடி மெய்யியல் வாசிக்கலாம் எண்டு இரிக்கம். எதில தொடங்க?

சோக்கிரட்டீஸ் நீதிமன்றத்தில் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய தற்காப்புரை. ஒரே இருப்பில் வாசித்து முடிக்கலாம். அடுத்தது மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை, உரையோடு. விஞ்ஞானமா சமயமா என்று சண்டை வந்தால் உங்கள் ஊர் விபுலானந்த அடிகளை நினையுங்கள். விஞ்ஞானப் பட்டதாரி, இராமகிருஷ்ண மிஷன் துறவி, யாழ் நூலில் இசைக்குக் கணக்குப் போட்டவர், மூன்றும் ஒரே ஆள்தான். ஒரு விதி மட்டும் வையுங்கள்: பேசுகிறவர் முதலில் தனக்கு முன் பேசியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கலாம். கூட்டத்தை ஞாயிறு காலையில் வையுங்கள். பின்னேரம் வைத்தால் பாதிப் பேர் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவார்கள்.