அரை நூற்றாண்டு கடந்த எம்.ஜி.பி. ஜி.டி.யை வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் கவென்ட்ரியில் வசிக்கிறேன். பக்கத்து ஊரில் 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஜி.டி. கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மயில் கழுத்து நீலம், குரோம் பம்பர், கம்பி ஆரச் சக்கரங்கள். உரிமையாளருக்கு எண்பது வயதுக்கு மேல். முப்பது ஆண்டுகளாக அவரிடம்தான் இருக்கிறது. கிளட்சை மிதிக்க முழங்கால் இடம்கொடுக்காததால் விற்கிறார். ‘மிக நன்றாகப் பராமரிக்கப்பட்டது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழுவதும் பெயின்ட் அடிக்கப்பட்டது, எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் வண்டிக்குச் செய்யும் தகுதிச் சோதனை) தேவையில்லை’ என்கிறது விளம்பரம். பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது, ஐயா?

பதில்: அந்தக் கார் உங்களைத் தூங்கவிடாததில் எனக்கு வியப்பில்லை. 1962இல் திறந்த காராக வந்த எம்.ஜி.பி.க்கு 1965இல் கூரை போட்டு, பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவையும் வைத்து ஜி.டி. ஆக்கினார்கள். அந்தக் கூரையின் வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரீனா என்ற வடிவமைப்பு நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. முன் கண்ணாடியின் உச்சியிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் இறங்கும் அந்தக் கோட்டை இத்தனை ஆண்டுகள் கழித்தும் நான் நின்று பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் விளம்பரத்தில் ஒரு சொற்றொடர் என்னை உறுத்துகிறது. ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழுவதும் பெயின்ட்.’ பழைய பெயின்ட் மங்கியிருந்தால் வண்டியின் கதையை அதுவே சொல்லிவிடும். புதுப் பெயின்ட் வாய் திறக்காது. அதனால் பெயின்ட் அடிப்பதற்கு முன்னும், அடித்த நேரத்திலும் எடுத்த படங்களைக் கேளுங்கள். முப்பது ஆண்டுகள் வைத்திருந்தவரிடம் படங்கள் இருக்கும். கேட்டதும் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

இந்தக் காருக்குத் தனியான சேஸ் கிடையாது. உடலே எலும்புக்கூடு. அதில் முதுகெலும்பு, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டி வடிவத் தகடுகள்தான். இங்கே அதை ‘சில்’ என்பார்கள். வெளியே தெரிவது ஒரு தகடு. அதற்குப் பின்னால் நடுத்தகடு ஒன்று. அடியில் ‘காசில் ரெயில்’ என்ற நீளத் தகடு. வெளித்தகட்டை மட்டும் வெட்டிப் புதிதாக ஒட்ட வைத்துவிட்டு, உள்ளே உளுத்துப்போனதை அப்படியே மூடிவிடும் வேலையை நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். பாயை விரித்துத் தரையில் படுங்கள். டார்ச் அடித்து அந்த அடித்தகடு முழு நீளத்துக்கும் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். நடுவில் தட்டையாகத் துண்டுத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்திருந்தால், மேலே எவ்வளவு மினுங்கினாலும் விலை பேச உட்காராதீர்கள்.

பிறகு ஜாக்கி. உரிமையாளரின் அனுமதியோடு, கதவுக்குக் கீழே ஜாக்கிக்கென்று உள்ள இடத்தில் வைத்து அந்தப் பக்கத்தை உயர்த்தச் சொல்லுங்கள். உயர்ந்து நிற்கும்போது கதவைத் திறந்து மூடுங்கள். நல்ல வண்டியில் கதவு முன்பு போலவே மூடும். உடல் வலுவிழந்திருந்தால் கதவு இறுகும், அல்லது இடைவெளி கண்ணெதிரே மாறும். அப்போது யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

1990களில் ஒருவர் சிவப்பு ஜி.டி. ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கிய பிறகு என்னிடம் கொண்டுவந்தார். கண்ணாடி போல இருந்தது. ஜாக்கியை வைத்துச் சுற்றினேன். வண்டி உயரவில்லை, ஜாக்கிதான் தகட்டுக்குள் ஏறியது. கையை விட்டு இழுத்தபோது வந்தது சுருட்டித் திணித்த செய்தித்தாள், அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயின்ட். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் முகம் போன போக்கு இன்னும் என் மனதில் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கேட்டதற்காக நன்றி சொல்கிறேன்.

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மட்கார்டின் அடிப்பகுதி, பின்சக்கர வளைவு, பின்கதவின் கீழ் விளிம்பு ஆகிய மூன்று இடங்களிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடம் பட்டி. கதவில், முக்கோணச் சிறு கண்ணாடிக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல் தென்படலாம். இது இந்தக் காரின் பிறவிக்குணம். சரிசெய்துவிடலாம், பயம் வேண்டாம்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். 1798 சி.சி., நான்கு சிலிண்டர், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், உதிரிபாகம் எல்லாமே இன்றும் கிடைக்கும். சாவியைத் திருப்பியதும், செல்ப் எடுக்கும் முன், பின்பக்கத்தைக் காதால் கவனியுங்கள். மின் பெட்ரோல் பம்ப் டக் டக் டக்கென்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் சில நொடிகளில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது, அல்லது காற்று புகுகிறது. இருபது நிமிடம் ஓட்டிச் சூடேறிய பிறகு, ஓட்டத்தில் ஆயில் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் போதும். ஓவர்டிரைவ் (வேகம் குறையாமல் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் மூன்றாவது, நான்காவது கியர்களில் போட்டுப் பாருங்கள். கம்பிச் சக்கரங்கள் என்கிறீர்கள்: பின்னோக்கி எடுத்து உடனே முன்னோக்கி நகர்த்தும்போது ‘டங்’ என்று கேட்டால் சக்கரத்தை மாட்டும் பற்கள் தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

‘எம்.ஓ.டி. தேவையில்லை’ என்பது சட்டப்படி சரிதான். நாற்பது வயது கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத காருக்கு அந்த விலக்கு உண்டு. விலக்கு இருப்பது வேறு, வண்டி சரியாக இருப்பது வேறு. விற்கும் முன் ஒரு எம்.ஓ.டி. எடுத்துத் தரச் சொல்லுங்கள். செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் பழைய சோதனை முடிவுகளை அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஓடிய மைல் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஆயிரம் மைலாவது ஓடிய வண்டி, பத்து ஆண்டு போர்வைக்குள் தூங்கிய வண்டியைவிட எனக்கு உயர்வு. நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர் இறுகும், ரப்பர் குழாய்கள் வெடிக்கும், டாங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெரியவரிடம் நோட்டுப் புத்தகம் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். என்றைக்கு ஆயில் மாற்றினார், என்றைக்கு முன்சக்கரம் திரும்பும் தண்டான கிங் பின்னுக்குக் கிரீஸ் அடித்தார் என்று எழுதி வைக்கும் வழக்கம் அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்டு. இருந்தால், அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள்.

கேள்வி: லண்டனுக்குள் பழைய காரை ஓட்டினால் தினமும் புகைக் கட்டணம் கட்ட வேண்டுமா? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: நாற்பது வயது கடந்து, ‘வரலாற்று வாகனம்’ என்ற வரிப் பிரிவில் பதிவாகியிருந்தால் யூலெஸ் என்ற அந்தப் புகைக் கட்டணம் இல்லை. வயது மட்டும் போதாது. பதிவுப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய லண்டனின் நெரிசல் கட்டணம் தனி. அதற்கு இந்தச் சலுகை பொருந்தாது.

கேள்வி: எம்.ஜி. காரிலும் நம் அம்பாசடரிலும் ஒரே இன்ஜின் என்கிறாரே என் மாமா, உண்மையா? (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் மாமா சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. இரண்டும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் ‘பி’ வரிசை இன்ஜின்கள். அம்பாசடருக்கு வந்தது 1489 சி.சி. அதே அளவுதான் எம்.ஜி.பி.க்கு முன்பிருந்த எம்.ஜி.ஏ. காரில் 1955இல் வந்தது. எம்.ஜி.பி.க்கு அதையே 1798ஆகப் பெருக்கினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பி என்று சொல்லலாம். ஒன்றின் பாகம் எல்லாம் மற்றதில் பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். நான் தொழில் கற்றது உங்கள் ஊரில், அம்பாசடர் ஷெட்டில். இங்கிலாந்து வந்த முதல் வாரத்தில் ஒரு எம்.ஜி.பி.யின் மூடியைத் திறந்து டாப்பெட் (வால்வு) இடைவெளி வைக்கச் சொன்னார்கள். யாரிடமும் எதுவும் கேட்காமல் கையை வைத்தேன்.