மூளையில் அடிபட்டவர் செய்த குற்றத்துக்கு அவரே பொறுப்பா?

கேள்வி: பைக் விபத்தில் என் தம்பிக்கு மூளையின் முன்பகுதி சேதமானது. அதிலிருந்து சட்டென்று ஆத்திரம் வருகிறது. வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரை மண்வெட்டியால் அடித்துவிட்டான். பிறகு அதைக் கழுவி, கொட்டகைக்குப் பின்னால் ஒளித்தும் வைத்திருக்கிறான். ஆத்திரத்தை அடக்கும் பகுதியே கெட்டுவிட்டது என்கிறார் டாக்டர். மூளை செய்ததற்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் நிதானமாகத் திட்டமிட்டுச் செய்பவனுக்கும் மூளைதான் வேலை செய்கிறது. அதனால் மூளை காரணம் என்பது மட்டும் விடுதலை தராது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 22 (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 84) கேட்பது வேறு: சித்த சுவாதீனம் இல்லாததால், அடித்த அந்த நேரத்தில் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? தெரிந்தும் அடக்க முடியவில்லை என்பது இதற்குள் வராது.

இங்கே அரசுத் தரப்பு பிடித்துக்கொள்ளப்போவது அந்தக் கழுவிய மண்வெட்டியைத்தான். தவறென்று தெரியாதவர் ஏன் ஒளிக்க வேண்டும் என்பார்கள். ஸ்கேன் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அது காயத்தைக் காட்டும், அன்றைய மனநிலையைக் காட்டாது.

நிரூபிக்கும் சுமை உங்கள் தரப்பில்தான் (சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 108). ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, நம்பத்தக்க அளவு போதும் என்று 1964-இல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சம்பவத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள், ஸ்கேன் படங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். சிகிச்சை தந்த டாக்டரையே சாட்சியாக அழையுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் தம்பி நடந்துகொண்ட விதத்தை நேரில் கண்டவர்களும் தேவை. பல வழக்குகள் தோற்பது, காகிதங்கள் எல்லாம் கைதுக்குப் பிந்தைய தேதியில் இருப்பதால்தான். ரிமாண்டில் இருந்தால் சிறை மருத்துவரிடம் பழைய சீட்டுகளைக் கொடுத்து, மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விசாரணையைப் புரிந்து தன் தரப்பை எடுத்துச்சொல்ல முடியாத நிலையில் இப்போது இருக்கிறார் என்றால், அது தனி விஷயம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிரிவுகள் 367, 368-இன் கீழ் மனு போடலாம்.

பிரிவு 22-இல் விடுதலை கிடைத்தாலும் உடனே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எண்ணாதீர்கள். பாதுகாப்புக் காவலில் வைக்கவோ, உறவினர் பிணை எழுதிக் கொடுத்தால் அவரிடம் ஒப்படைக்கவோ பி.என்.எஸ்.எஸ். பிரிவு 374 இடம் தருகிறது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முழு விடுதலை கடினம். மூளைச் சேதத்தின் உண்மையான பலன் தண்டனை அளவு குறித்த வாதத்தில்தான் கிடைக்கும். டாக்டரின் அறிக்கையை அதற்கும் சேர்த்தே தயார் செய்யச் சொல்லுங்கள்.