செஸ்ஸில் அவசர நகர்த்தலை நிறுத்துவது எப்படி?

பாளையங்கோட்டைப் பள்ளிப் போட்டிகளுக்குப் போகும் பிள்ளை, ஜெயிக்கிற ஆட்டத்தை அவசரத்தில் கோட்டை விடுகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கை மேசைக்குக் கீழே இருக்கட்டும். தொட்ட காயை ஆடித்தான் ஆகணும். எதிராளி நகர்த்தியதும் பைய மூன்றைப் பார்க்கணும்: செக் உண்டா, எதை வெட்டுவான், அடுத்த மிரட்டல் என்ன?

உதாரணத்துக்கு, வெள்ளை மந்திரி சி4-லும் ராணி ஹெச்5-லும் நிற்கிறது; பிள்ளை கறுப்பு. கறுப்பின் இ5 சிப்பாய்க்கு சி6 குதிரை காவல். ராணியை விரட்டுகிற சந்தோஷத்தில் பிள்ளைகள் இன்னொரு குதிரையை எஃப்6-க்குத் தாவவிடுவார்கள். வெள்ளை ராணி எஃப்7-ஐ வெட்டினால் மேட், ஆட்டமே முடிந்தது! தன் திட்டத்தை மட்டும் பார்த்ததால் வந்த வினை. சிப்பாயை ஜி6-க்குத் தள்ளியிருந்தால் மேட்டும் தடைபடும், ராணியும் விலகணும்.

நகர்வை முன்கூட்டியே தாளில் எழுதிப் பார்க்க உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி இடம் தராது. வீட்டில் தினம் ஒரு 15 நிமிட ஆட்டம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதலோடு, போதும். ஆளுக்கு 1 நிமிடமே உள்ள புல்லட் ஆட்டம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.