பாதி வேலையைக் கம்பியே பார்த்துக்கொள்ளும்: ஓப்பன் டியூனிங் கேள்வி பதில்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) ஞாயிறு சாயங்காலம் கிட்டார் பழகுகிறவர்கள் கூடுவோம். ஓப்பன் டியூனிங் என்றால், விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வரும்படி கம்பிகளைச் சுருதி மாற்றி வைப்பது. போன வாரம் அதைப் பற்றிச் சீட்டில் எழுதிக் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் இவை. கம்பிக் கணக்கு வழக்கம்போல: மெல்லியது ஒன்று, தடித்தது ஆறு.

கேள்வி: அண்ணே, ஜாஸ் கார்டு என்றாலே விரல் நாலாபக்கமும் இழுக்கிறது. ஓப்பன் டியூனிங்கில் சுலபமாக வருமா? (தேவகோட்டை, கல்லூரி மாணவர்)

வரும் தம்பி. ஆனால் எந்த டியூனிங் என்பதைப் பொறுத்தது. எல்லாரும் முதலில் பழகுகிற ஓப்பன் ஜி, அதாவது ஆறாம் கம்பியிலிருந்து டி ஜி டி ஜி பி டி, வெறும் மேஜர் கார்டு. ப்ளூஸுக்கு அருமை, ஜாஸ் வாசனை வராது. அதில் மூன்றாம் கம்பியை மட்டும் ஒரு ஃப்ரெட் அளவு, அதாவது அரைச்சுரம், இறக்குங்கள். டி ஜி டி எஃப்-ஷார்ப் பி டி. ஒரு விரல்கூட வைக்காமல் ஜி மேஜர் செவன்த் கிடைத்துவிட்டது. ஹவாய்த் தீவுகளில் கம்பியைத் தளர்த்தி வாசிக்கும் ஸ்லாக் கீ வாசிப்பில் இதை ஜி வாஹினே என்பார்கள். வாஹினே என்றால் அவர்கள் பாஷையில் பெண்.

அந்த ஒரு கம்பியில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? 3, 2, 1 கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். பி மைனர், கொஞ்சம் வாடிய முகம். அந்த ஒலி அடங்கும் முன்னே கட்டைவிரலால் ஐந்தாம் கம்பியை ஒரு தட்டுத் தட்டுங்கள். அதே மூன்று சுரமும் ஜி மேஜர் செவன்த்தின் மேல்பாதியாக மாறிவிடும். மேஜருக்குள் ஒரு மைனர் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

கேள்வி: கம்பி அறுந்துவிடாதா? (பள்ளத்தூர், பிளஸ் டூ மாணவி)

அறுந்துபோகாதும்மா. எந்தக் கம்பியையும் ஏற்றவில்லை, நாலைத்தான் இறக்குகிறோம். வழக்கமான சுருதியிலிருந்து 6, 5, 1 ஆகிய கம்பிகள் இரண்டு ஃப்ரெட் அளவு, மூன்றாவது ஒரு ஃப்ரெட் அளவு. 4-ம் 2-ம் இருந்தபடி இருக்கும். நான் ஒரு காலத்தில் ஓப்பன் ஈக்கு ஏற்றப் போய், கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் நாலாம் கம்பி தெறித்தது. அதிலிருந்து ஏற்றுகிற டியூனிங் பக்கமே போவதில்லை.

சரி பார்க்க ஒரு எண் வரிசை: 5, 7, 4, 5, 3. ஆறாம் கம்பியின் 5-ம் ஃப்ரெட், வெற்று ஐந்தாம் கம்பியோடு ஒத்துப்போக வேண்டும். ஐந்தாவதின் 7-ம் ஃப்ரெட் நாலாவதோடு. இப்படியே ஒன்றாம் கம்பி வரை.

கேள்வி: வெற்றுக் கம்பியில் ஒரு கார்டு சரி. அடுத்த கார்டுக்கு எங்கே போவது? (காரைக்குடி, வங்கி ஊழியர்)

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி சார். ஆறாம் கம்பியில் 2-ம் ஃப்ரெட்டை ஒரு விரலால் பிடியுங்கள், மற்றதெல்லாம் வெற்று. அது ஈ மைனர் நைன்த். ஸ்டாண்டர்டில் (வழக்கமான ஈ ஏ டி ஜி பி ஈ சுருதியில்) அதே ஒலி வேண்டுமென்றால் இன்னும் விரல் வேண்டும்.

அடுத்து ஆறாவதை விட்டுவிட்டு 5-லும் 4-லும் 2-ம் ஃப்ரெட், 3-லும் 2-லும் 1-ம் ஃப்ரெட். ஒன்றாவது வெற்று. ஏ மைனர் லெவன்த். நாலு விரலையும் தனித்தனியாக வையுங்கள். ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டால் ஒன்றாம் கம்பி செத்துவிடும். இப்போது கையை எடுக்காமல் மூன்றாம் கம்பியில் இருக்கிற விரலை மட்டும் தூக்கி, ஆறாவதையும் சேர்த்து மீட்டுங்கள். டி நைன்த் வந்துவிட்டது. பிறகு எல்லா விரலையும் எடுத்துவிட்டால் ஜி மேஜர் செவன்த்.

ஜாஸ்காரர்கள் உயிரைக் கொடுத்துப் பழகுகிற இரண்டு-ஐந்து-ஒன்று, அதாவது ஸ்கேலின் 2, 5, 1-ம் சுரங்களில் எழும் கார்டு வரிசை, இதுதான். இங்கே அது விரலை ஒவ்வொன்றாக எடுக்கிற வேலை. முன்னால் ஈ மைனர் நைன்த்தைச் சேர்த்து, நாலு கார்டையும் சுற்றிச் சுற்றி ஒரு வாரம் வாசியுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

கேள்வி: எங்க ஆச்சி வீணை வாசிப்பாங்க. "கிட்டாரைக் கெடுக்கிறே" என்கிறாங்க. என்ன சொல்ல? (கானாடுகாத்தான்)

ஆச்சியின் வீணையே ஓப்பன் டியூனிங்தானே! சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்ற நாலு கம்பியும் ஸ ப ஸ ப. காரைக்குடி சகோதரர்களின் பெயரைச் சொல்லி வீணை வாசிக்கும் ஊர் இது; அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நட்டமாக நிறுத்தி வைத்து வாசித்தவர். கருவியைப் பிடிக்க ஒரே வழிதான் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஆச்சியிடம் ஜியை ஸட்ஜமாக வைத்துச் சொல்லிப் பாருங்கள்: ப ஸ ப நி க ப. காகலி நிஷாதம், அந்தர காந்தாரம். அவர்களுக்கு உடனே பிடிபடும்.

கேள்வி: என் தங்கை பாட, நான் வாசிக்கிறேன். சில இடத்தில் கார்டும் குரலும் உரசுகிறது. டியூனிங் தப்பா?

டியூனிங் தப்பில்லை. குரல் மேல் ஸட்ஜத்தில் நிற்கும்போது உங்கள் மூன்றாம் கம்பி அதற்குக் கீழே நிஷாதத்தில் நிற்கிறது, உரசத்தான் செய்யும். அந்த இடத்தில் மட்டும் மூன்றாவதில் 1-ம் ஃப்ரெட், ஒன்றாவதில் 2-ம் ஃப்ரெட் பிடித்து, ஆறாவதை விட்டுவிட்டு வாசியுங்கள். ஜி சிக்ஸ்த். இனிப்பு கொஞ்சம் குறையும், சண்டை தீர்ந்துவிடும். தங்கைக்கு ஐந்து கட்டை (ஜி) ஒத்துவந்தால் அப்படியே பாடலாம். ஆறு கட்டை (ஏ) என்றால் 2-ம் ஃப்ரெட்டில் காப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், போடுங்கள்.

கேள்வி: தடித்த கம்பி கொடகொடவென்று அடிக்கிறது. (புதுவயல்)

மெல்லிய செட் போட்டிருப்பீர்கள். ஆறாவது 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4-க்கு இறங்கியிருக்கிறது, தொய்வு இருக்கும். அக்கூஸ்டிக் என்றால் 12-ல் (ஒன்றாம் கம்பி 0.012 அங்குலம்) தொடங்கும் செட் போடுங்கள்.

கேள்வி: இந்த டியூனிங்கில் எல்லா ஸ்கேலும் வாசிக்கலாமா?

முடியாது. ஜி, ஈ மைனர் இரண்டும் சொர்க்கம். ஈ-ஃப்ளாட்டில் பாட்டு வந்தால் பேசாமல் ஸ்டாண்டர்டுக்குத் திரும்புங்கள். கனடா நாட்டுப் பாடகி ஜோனி மிட்செல் ஐம்பதுக்கும் மேல் டியூனிங் வைத்திருந்தார். சின்ன வயதில் போலியோ வந்து இடது கை பலவீனப்பட்டதால் அந்த வழியில் போனவர் அவர். நமக்கு இரண்டு போதும்.

கேள்வி: என் அறையில் நன்றாகக் கேட்கிறது, உங்கள் வளவில் வாசித்தால் ஒரே இரைச்சல். ஏன்? (கோட்டையூர்)

உங்கள் அறையில் மெத்தை, துணிமணி இருக்கும். இங்கே ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூசிய சுவர், தேக்குத்தூண். ஒலியைக் குடிக்க ஒன்றுமே இல்லை, அதோடு ஆறு கம்பியும் வெற்றாக அதிர்கிறது. ஸ்ட்ரம் பண்ணாதீர்கள். கட்டைவிரலால் பேஸ், மற்ற மூன்று விரலால் ஒரு கொத்து, கார்டு மாறும் முன்னே உள்ளங்கை ஓரத்தால் கம்பிகளை ஒரு தொடு. அடுத்த வாரம் வந்தால் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து வாசிப்போம், அங்கே ஒரு பக்கம் தெருதான்.