தேநீரில் இட்ட சர்க்கரை எங்கே போகிறது?

கேள்வி: கறுப்புத் தேநீரில் லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரை சேர்த்து, பழைய கொம்புச்சாவில் (புளிக்கவைத்த தேநீர்) சிறிதும் அதன் ஆடையும் இட்டுத் துணியால் மூடி வைக்கிறேன். ஒரு வாரத்தில் இனிப்புக் குறைந்து புளிப்பு ஏறிவிடுகிறது. பதநீர் கள்ளாவதும் இதுவும் ஒன்றுதானா? சர்க்கரை நோயுள்ள என் மாமியார் இதை அருந்தலாமா?
– வாசகி, திசையன்விளை

பதில்: முதற்பாதி அதுவேதான். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறங்கும் பதநீரில் நிகழ்வதே உங்கள் சாடியிலும் தொடங்குகிறது. ஈஸ்ட்டுகள் சுரக்கும் இன்வர்ட்டேஸ் என்னும் நொதி சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்க, அவற்றை உண்டு ஈஸ்ட்டுகள் எத்தனால் என்னும் ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. கள்ளை அந்த நிலையிலேயே குடித்துவிடுகிறார்கள். கொம்புச்சாவிலோ, மேற்பரப்பில் காற்றை நம்பி வாழும் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்த எத்தனாலில் பெரும்பகுதியை ஆக்சிஜனேற்றம் செய்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன. குளுக்கோஸில் ஒரு பங்கைக் குளுக்கோனிக் அமிலமாகவும் மற்றொரு பங்கைச் செல்லுலோஸ் இழைகளாகவும் மாற்றுகின்றன. நீங்கள் ஆடை என்பது, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இந்தச் செல்லுலோஸ் பின்னல்தான்.

துணிக்குப் பதிலாக இறுகிய மூடி இட்டால் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியாக்களின் வேலை நின்றுவிடும். ஈஸ்ட்டுகளோ காற்றில்லாமலும் இயங்குபவை. ஆகவே எத்தனால் தேங்கும், வாயு அழுத்தம் கூடும், புட்டி வெடிக்கவும் கூடும்.

அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். மதிப்பு தொடக்கத்தில் 5 அளவில் இருந்து, அமிலம் பெருகப் பெருக 3 அளவுக்கு இறங்குகிறது. தேநீரின் செந்நிறம் வெளிறுவதற்கு, தியாரூபிஜின் முதலிய நிறமிகள் மாறுவதே காரணம். காஃபீன் பெரும்பாலும் அப்படியே எஞ்சுகிறது. இரவில் குடித்துவிட்டு உறக்கம் வரவில்லை என்போர் இதைக் கவனிக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் கோடை வெப்பத்தில் இம்மாற்றங்கள் விரைந்து நிகழுமாதலால், நாள் கணக்கை நம்பாமல் நான்காம் நாள் முதலே சுவைத்துப் பார்ப்பது நல்லது.

உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை, புளிப்பு ஏறியதால் சர்க்கரை தீர்ந்துவிட்டதென்று கொள்ளக் கூடாது. ஒரு வாரத்திற்குப் பின்னும் கணிசமான சர்க்கரை எஞ்சியிருக்கும், அமிலச் சுவை அதை மறைத்துவிடும். சிறிதளவு எத்தனாலும் இருக்கும் என்பதால், அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இவ்வளவு அமிலமுள்ள நீர்மத்தைப் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஊற்றி வைக்காதீர்கள். உலோகம் கரைந்து இறங்கும். ஆடையின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை படர்ந்தால், அதை மட்டும் வழித்தெடுக்காமல் சாடியில் உள்ள அனைத்தையும் கொட்டிவிடுங்கள்.