சென்னை மாரத்தான்: கேமராவோடு எங்கே நிற்பது? – கேள்வி பதில்

ஜனவரி நெருங்கினால் ஓடுகிறவர்களைவிட அவர்கள் வீட்டார்தான் எனக்கு அதிகம் செய்தி அனுப்புகிறார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: எங்கே நின்றால் நல்ல படம் கிடைக்கும்? சில ஆண்டுகளாக ஓட்டங்களைப் படமெடுத்து வருகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். பாதையும் புறப்படும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். அந்த ஆண்டின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் கணவர் முதல்முறையாக முழு மாரத்தான் ஓடுகிறார். நேப்பியர் பாலத்தில் புறப்படுகிறார்கள். மெரினாவும் கலங்கரை விளக்கமும் பின்னணியில் வர எங்கே நிற்கலாம் சார்? – வேளச்சேரி வாசகி

மெரினாவை விட்டுவிடுங்கள் அம்மா. முழு மாரத்தான் (42.195 கிலோமீட்டர்) விடியற்காலை 4 மணியை ஒட்டிப் புறப்படுவது வழக்கம். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 6:30 ஆகிவிடும். உங்கள் கணவர் காமராஜர் சாலையைக் கடக்கும்போது கும்மிருட்டு. கடல் கறுப்பாக இருக்கும், கலங்கரை விளக்கம் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இடத்தை முடிவு செய்துவிட்டு நேரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் நேரம், அப்புறம் இடம். வெளிச்சம் உருப்படியாக வரும் 6:45க்கு அவர் எத்தனையாவது கிலோமீட்டரில் இருப்பார் என்று கணக்குப் போடுங்கள். நான்கு மணி நேரத்தில் முடிப்பவர் என்றால் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 நொடி. 4 மணிக்குப் புறப்பட்டால் 6:45க்கு 29ஆவது கிலோமீட்டரில் இருப்பார். ஐந்து மணி நேரக்காரர் 23இல், ஆறு மணி நேரக்காரர் 19ஐத் தாண்டியிருப்பார். வரைபடத்தில் அந்த இடம் எங்கே வருகிறதோ அங்கே போய் நில்லுங்கள். தெருப் பெயர் தெரியாத இடமாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. முதல்முறை ஓடுகிறவர்கள் சொல்லும் நேரத்தை நம்பி நிற்காதீர்கள். 30 கிலோமீட்டருக்குப் பிறகு வேகம் குறைவது சகஜம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய், அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கத் தயாராக இருங்கள்.

சூரியன் கடல் பக்கம். ஓடுகிறவர்கள் தெற்கே போகிறார்கள். சாலையின் எந்தப் பக்கம் நிற்பது? – மயிலாப்பூர்

கடல் பக்கம், அதாவது கிழக்கு நடைபாதை. ஜனவரியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, இருபது டிகிரிக்கும் மேல் தெற்கே தள்ளி வருகிறது. தெற்கு நோக்கி ஓடுகிறவர் முகத்தில் இடது முன்பக்கமாக வெயில் விழும். நீங்கள் கிழக்கு ஓரத்தில் வடமேற்கைப் பார்த்து நின்றால் வெயில் உங்கள் முதுகில், அவர் முகம் பளிச்சென்று இருக்கும்.

திரும்பி வடக்கே வரும்போது எல்லாம் தலைகீழ். வெயில் அவர் முதுகுக்குப் போய்விடும், முகம் இருண்டுவிடும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு) ஏற்றுங்கள். பின்னணி வெளுத்துப் போகும், போகட்டும். முடியைச் சுற்றி ஒரு வெளிச்சக் கோடு விழும். எனக்கு நேர் வெயிலைவிட இதுதான் பிடிக்கும்.

அண்ணா, உழைப்பாளர் சிலையோடு சேர்த்து ஒரு படம் எடுக்க ஆசை. முடியுமா? – திருவல்லிக்கேணி

முழு மாரத்தானில் முடியாது தம்பி. 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் அருமையாக முடியும். அந்த ஓட்டம் 6 மணியளவில் நேப்பியர் பாலத்தில் புறப்படும் ஆண்டுகளில், சிலையைத் தாண்டும் நேரம் கிழக்கு வானம் வெளுத்துக்கொண்டிருக்கும், சூரியன் இன்னும் வந்திருக்காது. மேற்குப் பக்கம் நின்று கிழக்கே பாருங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த நான்கு தொழிலாளிகளும் பாறையை நெம்புகிற கோலம், முன்னால் ஓடுகிறவர்களின் கறுப்பு உருவம். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, தரையோடு தரையாகக் குனிந்து எடுங்கள். குனியாவிட்டால் ஓடுகிறவர்களின் தலை வானத்துக்கு எழாது, பின்னால் இருக்கும் இருட்டில் கரைந்துவிடும்.

பின்வரிசைகள் புறப்படுவதற்குப் பத்து நிமிடம் தாமதமாகும். முன்னால் போகிறவர்களைவிட அவர்களுக்குத்தான் வானம் நன்றாக அமையும்.

மகள் 10 கிலோமீட்டர் ஓடுகிறாள். ஒரே ஒரு இடம் சொல்வதென்றால்? – அடையாறு

பாதை அந்த வழியாகப் போனால், திரு.வி.க. பாலம். வேறு யோசனையே வேண்டாம். சாந்தோம் நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் கட்டடங்கள், வெயில் தரைக்கு இறங்க நேரமாகும். பாலத்தில் அந்தத் தொல்லை இல்லை. கிழக்கே அடையாற்று முகத்துவாரம் திறந்து கிடக்கிறது, வெளிச்சம் தடையில்லாமல் வரும். நேப்பியரிலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் என்பதால் நடுத்தர வேகக்காரர்கள் 6:50 வாக்கில் வருவார்கள். பாலத்தின் நடுவில் நிற்காதீர்கள், நடைபாதை குறுகல், போலீஸ்காரர் நகரச் சொல்வார், அவர் சொல்வதும் நியாயம். பாலம் முடியும் தெற்கு முனையில் நின்று, இறங்கி வருகிறவர்களை நீள லென்ஸில் பிடியுங்கள். மேடேறி வரும் கூட்டம் அடுக்கடுக்காகத் தெரியும்.

இருட்டில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் என்ன செட்டிங்? ஃபிளாஷ் போடலாமா? – பெரம்பூர்

ஃபிளாஷ் வேண்டாம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் திடீரென்று அடித்தால் இரண்டு நொடிக்கு ரோடு தெரியாது. குழி, தடுப்புக் கம்பி என்று எதிலாவது கால் இடறும்.

85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் ராஜா. ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளிப் புள்ளியாக இருக்கும் படத்தை மன்னிக்கலாம், முகம் கலங்கிய படத்தை என்ன செய்வது? தெருவிளக்குக்கு நேர் கீழே நிற்காமல், விளக்கைத் தாண்டி நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். ஓடுகிறவர் விளக்குக்குக் கீழே வரும் முன்பே, வெளிச்சம் முன்பக்கமாக முகத்தில் விழும் அந்த ஓரிரு அடிதான் உங்கள் நேரம். விளக்குக்கு நேர் அடியில் வந்துவிட்டால் கண் இரண்டும் குழியாகத் தெரியும்.

சில எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள்.

வேறு வழியும் உண்டு. ஷட்டரை 1/30க்கு இறக்கி, ஓடுகிறவரோடு கேமராவையும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே எடுங்கள். பத்தில் ஒன்று தேறும். அந்த ஒன்று அட்டகாசமாக இருக்கும்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. – தாம்பரம்

போதும். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒன்றாக்குவது, ஓடுகிறவர் பேய் மாதிரி வருவார். திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், ஆள் அருகில் வரும்வரை பொறுங்கள். போனை இடுப்பு உயரத்தில் பிடித்து பர்ஸ்ட்டில் (தொடர்ச்சியாகப் பல படங்கள்) எடுத்தால், இரண்டு காலும் தரையில் படாத ஒரு படம் எப்படியும் கிடைக்கும். ஓடுகிறவர்கள் கேட்பது அதைத்தான். ஒரு கால் ஊன்றி நிற்கும் படத்தில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று மனம் நொந்துபோவார்கள்.

தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் எடுக்க முடியுமா? – கிண்டி

இரண்டை எடுக்கலாம். காரில் போனால் அதுவும் முடியாது, சாலைகளை அடைத்திருப்பார்கள். பறக்கும் ரயில்தான் துணை. 10 கிலோமீட்டர் புறப்படுவதை எடுத்துவிட்டு சேப்பாக்கம் நிலையத்தில் ஏறினால், கஸ்தூர்பா நகரிலோ திருவான்மியூரிலோ இறங்கி பாதையின் பின்பாதியைப் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டிகள் குறைவு, முந்தைய நாளே நேரம் பார்த்து வையுங்கள். முதுகில் பை, கழுத்தில் ஒரே கேமரா, அதற்கு மேல் எடுத்து வந்தால் ரயில் நிலையப் படிக்கட்டில் வருத்தப்படுவீர்கள்.

முடிவுக் கோட்டில் எடுத்தால் எல்லோரும் குனிந்தபடியே வருகிறார்கள். ஏன்? – கோயம்புத்தூர்

கைக்கடிகாரத்தை நிறுத்துகிறார்கள்! கோட்டை மிதித்ததும் எல்லோர் கையும் மணிக்கட்டுக்குப் போகும், தலை குனியும். கோட்டுக்கு இருபது மீட்டர் முன்னால் குறி வையுங்கள். அங்கே சிரிப்பார்கள், பல்லைக் கடிப்பார்கள், சிலர் அழுவார்கள். அல்லது கோட்டைத் தாண்டிய ஐந்தாவது நொடிக்குக் காத்திருங்கள், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குகிற முகம் கிடைக்கும். கோட்டுக்கு எதிரே கூட்டமாக நிற்கும் கேமராக்காரர்களோடு முட்டி மோத வேண்டியதில்லை, அந்தப் படத்தை அமைப்பாளர்களின் ஆட்களே எடுப்பார்கள்.

கோட்டைவிட, ஓட்டப்பாதை யு திருப்பம் போடும் இடங்களை நான் விரும்புவேன். எல்லோரும் வேகம் குறைப்பார்கள், உங்களைப் பார்ப்பார்கள். போய்த் திரும்பும் பாதையாக இருந்தால் ஒரே ஆளை இரண்டு முறை எடுக்கலாம்.

தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் நிற்கலாமா?

நல்ல படம் வரும். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறவரை எதிர் வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் தெரியும், 1/1000க்குக் குறையாமல் வையுங்கள். ஆனால் மேசையைத் தாண்டி முப்பது அடி தள்ளி நில்லுங்கள். மேசையருகே தரை வழுக்கும், தன்னார்வலர்களுக்கும் இடைஞ்சல்.

மெரினாவில் ட்ரோன்?

நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் கடற்படைத் தளம், கோட்டை, தலைமைச் செயலகம். மூச்!

கூட்டத்தில் என் தம்பியை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஆவடி

சட்டையில் குத்தியிருக்கும் பிப் எண்ணை நம்பாதீர்கள், பாதிப் பேர் வயிற்றில் சுருண்டு கிடக்கும். சட்டை நிறம், தொப்பி, அப்புறம் சாலையின் எந்தப் பக்கம் வருவான் என்பதை முந்தைய இரவே பேசி வையுங்கள். "28ஆவது கிலோமீட்டர் பலகை தாண்டி இடது பக்கம் நிற்பேன்" என்று சொல்லிவிட்டால் அவனே உங்களைத் தேடிக்கொண்டு வருவான், படத்தில் முகமும் மலர்ந்திருக்கும்.

ஒருவர் மயங்கி விழுந்தார். சுற்றியிருந்தவர்கள் படமெடுத்தார்கள். நீங்கள் எடுப்பீர்களா? – திருச்சி

மாட்டேன். கேமராவை இறக்கிவிட்டு மருத்துவ உதவிக்காரர்களைக் கூப்பிடுங்கள், பின்னால் வருகிறவர்கள் மேலே விழாமல் கையைக் காட்டி விலக்குங்கள். வாந்தி எடுப்பவர், தசைப்பிடிப்பில் தரையில் உட்கார்ந்து கத்துகிறவர் இவர்களுக்கும் இதே விதி. முகம் சுளித்து ஓடுவது வேறு, அது அவர்களே கேட்டு வாங்கும் படம். சந்தேகம் வந்தால் எடுத்ததை அவருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுவில் போடுவதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.