பழைய ஸ்பீட் போட் வாங்குமுன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: ஜப்பானில் இருந்து இறக்கிய 20 அடி பைபர் ஸ்பீட் போட், வயது இருபத்தைந்துக்கு மேல், பெயர் பெற்ற கம்பெனியின் கட்டுமானம், புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பழைய 2-ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு 90 எச்பி 4-ஸ்ட்ரோக் எஞ்சின் மாட்டியிருக்கிறார்கள், விலையும் கொஞ்சம் குறைவு. பொல்கொட ஏரியில் குடும்பத்தோடு சுற்றவும் எப்போதாவது நீர்கொழும்புப் பக்கம் மீன் பிடிக்கவும் வேண்டும், நம்பி வாங்கலாமா?

நீங்கள் போட்ட படத்தைப் பார்த்து வாங்கு, வாங்காதே என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் நல்ல செய்தியாக எழுதியிருக்கிற அந்தப் புதுப் பெயிண்டும் புது எஞ்சினும்தான் எனக்கு முதலில் உறுத்துகின்றன. அப்பா காரைநகர் சீநோர் படகுக் கம்பெனியில் பைபர் வேலை பழகியவர், பிறகு கொழும்புக்கு வந்து மட்டக்குளியில் சின்னதாகப் பட்டறை போட்டார், இப்போது நான் பார்க்கிறேன். வாங்கி முடித்த பிறகு "அண்ணே, பின்னால ஏதோ ஆடுது" என்று வருகிறவர்கள்தான் அதிகம், வாங்குமுன் கேட்கிறவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பைபர் உக்காது. அது உண்மை. ஆனால் நீங்கள் பார்க்கிற வயதுப் போட்டுகளில் எஞ்சின் தொங்குகிற பின்பலகை (ட்ரான்சம் என்பார்கள்) அநேகமாக உள்ளே பிளைவுட்தான், அதன் இரண்டு பக்கமும் பைபர் போர்த்தியிருக்கும். தரைக்குக் கீழே நீளவாட்டில் ஓடுகிற ஸ்ட்ரிங்கர் கட்டைகளும் பல போட்டுகளில் அப்படித்தான். மேல்தளத்தில் பிளைவுட்டோ பால்சா மரமோ இருக்கும். போர்வை முழுதாக இருக்கும்வரை மரம் பத்திரம். யாராவது ஒரு ஓட்டை போட்டு, அதைச் சரியாக அடைக்காமல் விட்டால், அங்கிருந்து தொடங்கும். மீன் தேடுகிற கருவியின் சென்சரை மாட்ட நாலு ஸ்க்ரூ, ஏணிக்கு நாலு, தூண்டில் தாங்கிக்கு சில, அப்புறம் பின்பலகையின் அடியில் தண்ணீர் வெளியேற்றுகிற அந்த ஓட்டையைச் சுற்றிய வளையம். கம்பெனி நல்ல கம்பெனிதான், ஆனால் இந்த ஓட்டைகளைப் போட்டது கம்பெனி இல்லையே. இருபத்தைந்து வருடத்தில் எத்தனை சொந்தக்காரர், ஒவ்வொருவரும் எத்தனை ட்ரில் என்று யாருக்குத் தெரியும்? பிராண்ட் பார்த்து வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பழைய போட்டில் பெயரைவிட ஓட்டைகளைப் பாருங்கள்.

உப்புத் தண்ணீர்தான் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். எஞ்சினுக்கும் இரும்புச் சாமானுக்கும் அது சரி. மரத்துக்கு மழைத் தண்ணீர்தான் கூடுதல் கேடு, ஏனென்றால் உக்க வைக்கிற பூஞ்சணத்துக்கு உப்பு பிடிக்காது, நல்ல தண்ணீரும் 25-30 பாகைச் சூடும்தான் வேண்டும். கொழும்பில் வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, வருடம் முழுவதும் 27, 28 பாகை. இதைவிட வேறென்ன வேண்டும்? "கடலில் போடவே இல்லை, வீட்டு முற்றத்தில் தறப்பாள் போட்டு வைத்திருந்தோம்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால் நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். தறப்பாளின் பள்ளத்தில் மழை தேங்கி, ஒழுகி, தரைக்கு அடியில் மாதக்கணக்கில் நின்றிருக்கும், வெயிலும் காற்றும் படாது.

இப்போது அந்தப் புது எஞ்சின் விஷயம். 90 எச்பி 2-ஸ்ட்ரோக் 120 கிலோ சுற்றில் இருக்கும், அதே வலுவுள்ள 4-ஸ்ட்ரோக் 160-170 கிலோ. அந்தப் பின்பலகை பழைய பாரத்துக்குக் கட்டியது, அதுவும் மரம் புதிதாக இருந்தபோது. நாற்பது ஐம்பது கிலோ கூடுதல் என்பது சும்மா நிற்கும்போது பெரிதாகத் தெரியாது, அலையில் போட் எழும்பி விழும்போது அது ஒவ்வொரு முறையும் நெம்புகோலாக வேலை செய்யும். எஞ்சினை மாற்றியபோது பழைய போல்ட் ஓட்டைகளை என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். எபோக்சி ஊற்றி அடைத்தார்களா, சிலிக்கோனைப் பிதுக்கிவிட்டு மேலே பெயிண்ட் அடித்தார்களா?

சோதனை இப்படி. எஞ்சினைப் பாதி உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். ஒருவர் எஞ்சினின் அடிப்பகுதியில், புரொப்பெல்லருக்குக் கீழே இருக்கும் துடுப்பைப் பிடித்து உடல் பாரத்தைக் கொடுத்து மேலும் கீழும் அசைக்கட்டும். நீங்கள் எஞ்சினைப் பார்க்காதீர்கள், பின்பலகையின் மேல் விளிம்பில் கண்ணை வையுங்கள். எஞ்சினோடு சேர்ந்து முழுப் போட்டும் அசைந்தால் நல்லது. பலகை மட்டும் தனியாக மூச்சு விடுகிற மாதிரி உள்ளே வெளியே போனால், அல்லது எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் தொட்டிப் பகுதியின் மூலைகளில் முடி மாதிரி வெடிப்புகள் திறந்து மூடினால், உள்ளே மரம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். போல்ட் வாஷர்களையும் பாருங்கள். வாஷர் பைபருக்குள் அமிழ்ந்து, சுற்றிலும் குழி விழுந்திருந்தால், இறுக்க இறுக்க உள்ளே இருக்கிற மரம் நசுங்கிக்கொண்டே போயிருக்கிறது. சிலர் அதை மறைக்க பெரிய அலுமினியத் தகடு வைத்து போல்ட் போட்டுவிடுவார்கள். தகடு எல்லாமே கள்ளத்தனம் இல்லை, ஆனால் ஏன் போட்டீர்கள் என்று கேட்காமல் விடாதீர்கள்.

அதன் பிறகு தட்டுங்கள். ஸ்க்ரூ ட்ரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடி போதும். மேலே ஒரு மூலையில் தொடங்கி, கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று கீழே வாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகத் திருப்பிச் சொல்லும், கெட்ட இடத்தில் சத்தம் செத்துப்போகும். ஒருதரம் கேட்டால் பிறகு மறக்காது. எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போனால், அந்தக் குறிகள் அநேகமாக ஒரு பழைய ஸ்க்ரூவைச் சுற்றியோ கீழே அந்த வடிகால் ஓட்டையைச் சுற்றியோ வந்து கூடும்.

இதற்குப் பிறகும் சந்தேகம் என்றால், விற்கிறவரின் அனுமதியோடு, பின்பலகையின் அடிப்பக்கம் உள்ள ஒரு ஸ்க்ரூவைக் கழற்றச் சொல்லுங்கள். சென்சரின் ஸ்க்ரூ என்றால் இன்னும் நல்லது. காய்ந்த ஓட்டை என்றால் உள்ளே வெளிர் மர நிறம் தெரியும், ஒரு கம்பியை விட்டுக் கிண்டினால் தூள் காய்ந்து வரும். கெட்டது என்றால் கழற்றிய கையோடு தேயிலைச் சாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் சொட்டும், கம்பியில் ஒட்டி வருவது மரமா சேறா என்று தெரியாது, புளித்த வாடை அடிக்கும். போட் வெளியே எடுத்து வாரக்கணக்காகியும் அது சொட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு குடித்திருக்கிறது என்று யோசியுங்கள்.

ஈரமானி வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பார்க்கலாம். ஆனால் அதன் எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். உலோகம் அருகில் இருந்தாலும், உப்புப் படிந்திருந்தாலும், செம்பு கலந்த அடிப் பெயிண்ட் இருந்தாலும் கூட்டிக் காட்டும். தட்டுகிற சத்தமும் ஈரமானியும் ஒரே இடத்தைக் காட்டினால் அதுதான் சாட்சி.

தரை. வெறுங்காலோடு நடந்து பாருங்கள், குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் மேல்பலகை உக்கியிருக்கிறது, அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. கேள்வி என்னவென்றால் அதற்குக் கீழே ஸ்ட்ரிங்கர் எப்படி இருக்கிறது என்பது, ஏனென்றால் அலையின் அடியை வாங்கிப் போட் முழுவதும் பரப்புவது அதுதான். கைத்தொலைபேசியில் செருகுகிற பாம்பு கமரா மலிவாகக் கிடைக்கிறது. தரையில் இருக்கும் மூடிகளைத் திறந்து அதை உள்ளே விட்டு, ஸ்ட்ரிங்கரை அடித்தளத்தோடு பிணைக்கிற பைபர் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் வெள்ளையாகி உரிந்து நின்றால் பிடிப்பு விட்டுவிட்டது. பொலியெஸ்டர் ரெசின் மரத்தில் எபோக்சி மாதிரி இறுகப் பிடிக்காது, மரம் நனைந்தால் கேட்கவே வேண்டாம். இந்தப் பிடிப்பு விட்ட போட் ஏரியில் ஒன்றும் காட்டாது. நீர்கொழும்புக் கடலில் அலை மேல் குதித்தால்தான் காட்டும்.

அடியில் மிதவைக்காக போம் (நுரைப் பஞ்சு) ஊற்றிய போட் என்றால் எடை பார்க்காமல் வாங்காதீர்கள். மூழ்காது என்பதும் தண்ணீர் குடிக்காது என்பதும் வேறு வேறு. அந்த போம் வருடக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. ட்ரெய்லரோடு ஒரு வாகனத் தராசில் ஏற்றி, பிறகு வெறும் ட்ரெய்லரை நிறுத்துக் கழித்தால் போட்டின் எடை வந்துவிடும். கம்பெனி சொல்லும் எடையோடு எஞ்சின், பற்றரி, எரிபொருள் கூட்டிப் பார்த்தும் நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக வந்தால் அது தண்ணீர். அலுமினிய எரிபொருள் தாங்கியை போமுக்குள் புதைத்து வைத்திருந்தால் ஈர போம் அதைப் பொத்தல் பொத்தலாக அரித்துவிடும், பெற்றோல் வாடை கொஞ்சம் வந்தாலும் எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டாம்.

வெடிப்பு எல்லாவற்றுக்கும் பயப்படாதீர்கள். மேல்தளத்தின் ஒடுங்கிய மூலைகளில் வரும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஜெல்கோட் (பைபரின் வெளிப்பூச்சு) தடிப்பாகப் படிந்ததால் வருபவை. ஒரு புள்ளியில் இருந்து நட்சத்திரம் போல விரிந்தால் அந்த இடத்தில் அடி பட்டிருக்கிறது, உள்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். கோடுகள் பக்கம் பக்கமாக ஒரே திசையில் ஓடினால் அந்தப் பகுதி வளைகிறது, அதுதான் கெட்டது. உங்கள் போட்டில் புதுப் பெயிண்ட் இதையெல்லாம் பூசி மெழுகியிருக்கும். அதனால் காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போய், பக்கவாட்டில் குனிந்து ஓரமாகப் பாருங்கள். பட்டி வைத்துத் தேய்த்த இடம் அப்போது அலை அலையாகத் தெரியும். அதே இடத்தின் உள்பக்கத்தில் கிரைண்டர் தடம், மேட் (கண்ணாடி நார் விரிப்பு) துண்டு ஒட்டிய அடையாளம் இருந்தால் கதை முடிந்தது.

அடியில் கொப்புளங்கள் பற்றி இணையத்தில் பெரிய பயம் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அது பார்வைக் குறைதான், நிறைய இருந்தால் விலை குறைக்கக் காரணம், அவ்வளவுதான். தண்ணீரிலேயே கிடந்த போட் என்றால், தூக்கிய உடனே பாருங்கள், காய்ந்தால் அமுங்கிவிடும்.

ஜப்பான் போட் சரிவராமல் உள்ளூரில் கட்டியதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கவலை வேறு மாதிரி. 2004 சுனாமிக்குப் பிறகு அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த வள்ளங்களில் பல தரமில்லாதவை, ஐ.நா. உணவு விவசாய அமைப்பே எச்சரிக்கிற அளவுக்குப் போனது. அப்படியான வள்ளத்துக்கு இருக்கையும் கூரையும் மாட்டி உல்லாசப் படகாக விற்பதை நான் பார்த்திருக்கிறேன். ரெசின் கூடி மேட் குறைந்தால் கண்ணாடி போல உடையும். மழைக்காலத்தில் ஈர மேட்டை வைத்து இழைத்தால் சரியாக இறுகாது. உள்பக்கம் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் அது இன்றுவரை முழுதாக இறுகவில்லை. நல்ல பாஸ் (வேலை தெரிந்த தொழிலாளி) கட்டிய உள்ளூர் வள்ளம் இந்த வெளிநாட்டுப் போட்டுகளைவிட எளிய அமைப்பு, மறைந்த மரமும் குறைவு. எனக்கு அதில்தான் விருப்பம் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக விலை. பின்பலகை மட்டும் உக்கியிருந்து ஸ்ட்ரிங்கரும் போமும் நன்றாக இருந்தால் அது செய்யக்கூடிய வேலை. எஞ்சினை இறக்கி, ஒரு பக்கப் பைபரை வெட்டி எடுத்து, புது மரைன் பிளைவுட் வைத்து இழைக்க வேண்டும். இரண்டு இடத்தில் அந்த வேலைக்கு எழுத்தில் விலை வாங்கி, அதைப் போட்டின் விலையில் கழித்து, மேலே இன்னும் கொஞ்சம் கழித்துப் பேரம் பேசுங்கள், ஏனென்றால் திறந்து பார்த்தால் எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். ஸ்ட்ரிங்கரும் போய், போமும் நனைந்திருந்தால் எஞ்சினுக்கு மட்டும் விலை பேசுங்கள், பாடிக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஸ்க்ரூ கழற்ற விடமாட்டேன், தராசுக்குக் கொண்டுபோக விடமாட்டேன் என்று விற்கிறவர் நின்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த போட்டைப் பார்க்கப் போங்கள். தட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் எங்கே மாறுகிறது என்று படத்தில் குறித்துப் போட்டால் மேற்கொண்டு சொல்கிறேன்.